முனை

சடையன் கங்கன், வயது ஐம்பத்தெட்டு,
டர்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
முதல் நாள் மாலை ஸ்கேன் படத்தைக் காட்டினேன்:
வலது சிறுநீரகத்தில் கட்டி,
அது இருந்த இடத்தில் இருக்கவில்லை.
சிறுநீரகச் சிரைக்குள் நுழைந்து,
பெருஞ்சிரைக்கு வந்து, ஈரலின் முதுகோரம் ஏறி,
இதயத்துக்கு நாலு விரற்கடை கீழே
முனை நீட்டி நிற்கிறது.

"சுவரில் ஒட்டியிருக்கிறதா, தொங்குகிறதா?"
என்னிடம் அப்படிக் கேட்ட முதல் நோயாளி அவர்தான்.
தொங்குகிறது என்றேன்.
"அப்படியானால் தூக்கலாம். முதல் இழுப்புதான் கண்டம்.
கை அவசரப்பட்டால் பெட்டி ஆடும்.
ஆடினால் பிடித்து நிறுத்தப் பார்க்காதே,
அதனுடன் கூடவே போ."
"டாக்டருக்கே பாடமா?" என்றாள் டெய்சி,
அவர் காலுறையை இழுத்துவிட்டபடி.

எங்கள் பேச்சு முழுக்க ஆங்கிலம்.
தமிழில் அவருக்குத் தெரிந்தது காவடிக்குச் சில வரிகள்,
பத்து வரை எண்கள்.
காலை ஏழு நாற்பதுக்கு மருந்து ஏற்றி, எண்ணச் சொன்னேன்.
ஏன் தமிழில் தொடங்கினாரோ:
ஒண்ணு, ரெண்டு, மூணு,
நாலு, அஞ்சு,
ஆறு.
முகமூடிக்குள் அதோடு சரி.
எண்ணையா சொன்னார், நதியையா, புண் ஆறுவதையா?
அப்போது இதற்கெல்லாம் நேரமில்லை.

உணவுக்குழாயில் நான் இறக்கிய கருவி
இதயத்தின் பின்புறமிருந்து பார்க்கும்.
திரையில் பெருஞ்சிரை, கறுப்புத் தாழ்வாரம்.
அதனுள் வெளுப்பாய் அந்த முனை,
துடிப்புக்குத் துடிப்பு தலையாட்டிக்கொண்டு,
கேட்டதற்கெல்லாம் சரி சொல்கிறவனைப்போல்.

திரைச்சீலைக்கு அப்பால் மூன்று மணி நேரம்
கட்டியை யாரும் தொடவே இல்லை.
முதலில் தமனியைக் கட்டினார்கள்.
பிறகு ஈரலைத் தளைகளிலிருந்து விடுவித்து
இடப்பக்கம் புரட்டிச் சாய்த்தார்கள்.
நீல நாடாக்கள்: கீழே ஒன்று,
இடது சிறுநீரகச் சிரைக்கு ஒன்று, மேலே ஒன்று.
மேல் நாடா இறுகுமுன் முனை இறங்கியாக வேண்டும்.

"முனை எங்கே?" டாக்டர் மசோண்டோ.
"ஈரல் சிரைகளுக்கு மேலே."
சிரைக்கு வெளியிலிருந்தே அவர் விரல்கள்
தடவித் தடவிக் கீழே அழைத்தன.
"இப்போது?"
"மேலேதான்."
"இப்போது?"
நான் பதில் சொல்லவில்லை.
முனை ஒருமுறை பெரிதாக ஆடியது.
ஒரு துணுக்கு பிரியப்போவதுபோல் நீண்டது.
பிரிந்தால் நுரையீரல். பிரிந்தால் நிமிடக் கணக்கு.
அவர் விரல் நின்றது.
"நிறுத்தாதீர்கள். கூடவே போங்கள்."
யாருடைய சொல் அது என்று அவருக்குத் தெரியாது.

கறுப்பு. திரையில் வெறும் கறுப்பு.
காலியான ஒன்றைக் கண்டு இப்படி நான் மகிழ்ந்ததில்லை.

நாடாக்கள் இறுகின.
ரத்த அழுத்தம் அறுபதுக்குச் சரிந்தது, மருந்தால் முட்டுக் கொடுத்தேன்.
பதினோரு நிமிடம்.
சிரையைக் கீறியதும்
சிறுநீரகமும் அதன் வாலும் ஒரே துண்டாய்
எஃகுக் கிண்ணத்தில் விழுந்தன.
நோம்வூலா அளந்து எழுதினாள்: பன்னிரண்டு சென்டிமீட்டர்.
முனை முழுசு.

மூன்றாம் நாள், குழாய் எடுத்த கரகரத்த தொண்டையில்
முதலில் கேட்டது: "ஆடியதா?"
"ஒரே ஒருமுறை."
கண்ணை மூடிக்கொண்டார். கோபம்போல் இருந்தது.

வராந்தாவில் டெய்சி கேட்டாள், இத்தோடு முடிந்ததா என்று.
இடது நுரையீரலில் அரிசியளவு ஒரு நிழல்.
என்னவென்று தெரிய மூன்று மாதம் ஆகும்.
அதைச் சொல்ல வேண்டியவர் மசோண்டோ,
நான் திரை பார்க்கிறவள்.
ஆனாலும் சொன்னேன்.
அவள் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள்,
வெகுநேரம் தேடினாள், ஒன்றையும் எடுக்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் மேட்டில் காரை நிறுத்தினேன்.
தென்மேற்குக் காற்று கதவைத் திறக்கவிடவில்லை.
கீழே துறைமுகத்தில் கிரேன்கள் அத்தனையும்
கை உயர்த்தி நின்றன.
இந்தக் காற்றில் எதையும் தூக்கமாட்டார்கள்.
பெட்டிகள் தரையில் காத்திருந்தன.